சனசமூக நிலையத்தின் செயலாளர் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, எமது நிலையத்தின் அங்கத்தவர்களே, பாடசாலைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் நீங்கள் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பின்படி 2024ஆம் ஆண்டின் செயற்பாட்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழமையான வேலைகள் வழமைபோல நடந்தன. நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. பத்திரிகைகள் தவறாமல் வாங்கப்பட்டன. வாசிகசாலையின் ஓட்டுக்கூரை மாரிக்கு முன்பே திருத்தப்பட்டது. வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே அவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, இந்த ஆண்டு முழுக்க ஊரை ஒன்றாக்கிய விடயத்துக்கு வருகிறேன். நடிகர் விவேக் அவர்களின் நினைவாக நாம் செய்தவை பற்றியே இந்த அறிக்கையின் பெரும்பகுதி இருக்கப்போகிறது. அதற்காக நீங்கள் யாரும் குறைபட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2021 ஏப்ரல் 17ஆம் திகதி அவர் காலமானார். வயது 59. கொரோனாக் காலம் என்பதால் அப்போது நம்மால் ஒரு அஞ்சலிக் கூட்டமும் வைக்க முடியவில்லை. அந்தக் குறை பலருக்கு மனதில் இருந்தது. இந்த ஆண்டு தை மாதக் கூட்டத்தில் இளைஞர் பிரிவினர் அந்தப் பேச்சை எடுத்தார்கள். சந்தியில் பெரிய பதாகை கட்டுவோம் என்று ஒரு யோசனை வந்தது. எமது போசகரான ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த மனிசன் உயிரோட இரிந்தா பதாகை கேட்டிருப்பாரா, மரம் கேட்டிருப்பாரா?" அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. அன்றே முடிவாயிற்று.

விவேக் மரத்துக்காக வாழ்ந்த கதை பிள்ளைகளில் சிலருக்குத் தெரியாது என்பதால் இங்கே பதிகிறேன். அப்துல் கலாம் ஐயாவின் வேண்டுகோளை ஏற்று, 2010இல் ‘கிரீன் கலாம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒரு கோடி மரக்கன்று நடுவது இலக்கு. படப்பிடிப்புக்குப் போகிற ஊரிலெல்லாம் பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய் மாணவர்களைக் கூட்டி நட்டார். கண்மூடும்போது 33 இலட்சத்துக்கும் மேல் நட்டு முடித்திருந்தார். ஒரு நகைச்சுவை நடிகருக்கு இது தேவையில்லாத வேலை. படத்தில் நடித்தோமா, காசை வாங்கினோமா என்று வீட்டில் இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை.

அவருடைய தொடக்கமும் நம் பிள்ளைகள் கேட்கவேண்டிய கதை. சென்னைத் தலைமைச் செயலகத்தில் அரச உத்தியோகம் பார்த்தவர் அவர். நம் ஊரில் அரச உத்தியோகம் கிடைத்தவரை யாராவது விட்டுவிட்டு வரச்சொல்வோமா? அவரை 1987இல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் கே. பாலசந்தர் அறிமுகப்படுத்தினார். அதற்குப் பிறகும் பெயர் சொல்லும் இடத்துக்கு வர அவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல் பிடித்தது. 2000ஆம் ஆண்டையொட்டித்தான் விவேக் இல்லாத படமே இல்லை என்ற நிலை வந்தது. 2009இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

அந்தக் காலம் நமக்கு எப்படியான காலம் என்று பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. பாதைகள் திறந்தன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சொந்தங்கள் பயமில்லாமல் துறை கடந்து வந்தார்கள். அந்த ஆண்டுதான் ‘ரன்’ படமும் வந்தது. மின்சாரம் இல்லாத படுவான்கரை ஊர்களுக்கு ஜெனரேட்டரையும் டிவியையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுபோய், கோயில் வெளியில் வைத்து விடிய விடியப் படம் போட்ட பொடியன்கள் இன்று நம் நிர்வாகசபையில் இருக்கிறார்கள். கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து ஒவ்வொரு சந்தியிலும் ஒவ்வொருவரிடம் ஏமாறுகிற பாத்திரம் அதில் அவருக்கு. காக்கா பிரியாணி தின்று அவர் படும் பாட்டுக்கு ஊர் எப்படிச் சிரித்தது என்று அவர்கள் இப்போதும் சொல்வார்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிநாடு போகப் புறப்பட்டு, கொழும்பில் லொட்ஜில் கிடந்து, கட்டின காசும் போய்த் திரும்பிவந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தங்கள் கதையையே திரையில் பார்த்து முதன்முதலாக அவர்கள் அதற்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நமக்குத் தந்த மனிதருக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 17 மாலை, வாசிகசாலை முற்றத்தில் முதல் நினைவு நிகழ்வு நடந்தது. மேற்குச் சுவருக்கு இளைஞர்கள் முதல் நாளே வெள்ளை அடித்துக் காயவிட்டிருந்தார்கள். பாடசாலை அதிபர் மல்டிமீடியா புரொஜெக்டரை இரவல் தந்தார். மாதர் சங்கத்தினர் கடலை அவித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்துக் கொண்டுவந்தார்கள். ‘மின்னலே’, ‘ரன்’ போன்ற அவருடைய படங்களிலிருந்து காட்சிகளைத் தெரிவுசெய்து போட்டோம். பிள்ளைகளோடு இருந்து பார்க்கிற கூட்டம் என்பதால் இரட்டை அர்த்தம் வரும் சில இடங்களை விட்டுவிட்டோம். அது பற்றி ஓரிருவர் குறைபட்டார்கள். ஆனாலும் அது சரியான முடிவு என்றே நிர்வாகசபை கருதுகிறது. அவர் சாதியையும் மூடநம்பிக்கையையும் லஞ்சத்தையும் கிண்டல் செய்த காட்சிகள் போதாதா? லொறி ஓட எலுமிச்சம்பழத்தை நம்புகிறவர்களை அவர் கேள்வி கேட்கும் இடத்தில், முன்வரிசையில் இருந்த நம் லொறிக்கார அண்ணன் கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் இருந்து சிரித்தார். அவருடைய லொறியின் முன்பக்கத்தில் அன்றைக்கும் எலுமிச்சம்பழம் தொங்கியது. இன்றைக்கும் தொங்குகிறது. ஆனால் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

அவரைச் ‘சின்னக் கலைவாணர்’ என்று ஏன் அழைத்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். போசகர் ஐயா அதற்கு நல்ல விளக்கம் தந்தார். 1957இல் மறைந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சிரிக்கவைத்துக்கொண்டே மதுவிலக்குப் பேசியவர், கையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொடுத்தவர். அந்த வழியில் வந்ததால்தான் விவேக்குக்கு அந்தப் பெயர் பொருந்தியது என்றார். சிரிப்பு நிறைந்த நாட்டுக்கூத்தான மகிடியைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சிரிப்போடு சேர்த்துச் சொன்னது நெஞ்சில் நிற்கும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த விடயம்.

அன்று இரவு நடந்த இன்னொன்றை அறிக்கையில் சேர்க்கவேண்டும் என்று நானே விரும்பினேன். படம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கடற்கரை ஒழுங்கையில் இருக்கும் பெரியம்மா என்னிடம் வந்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது மகனைப் பறிகொடுத்தவர். விவேக்கின் மகன் 2015இல், 13 வயதில், காய்ச்சலில் இறந்துபோனதை நிகழ்ச்சித் தொகுப்பில் சொல்லியிருந்தோம். "புள்ளயப் பறிகுடுத்த மனிசன், மகன். அதுக்குப் பொறகும் வந்து நம்மளச் சிரிக்க வெச்சிரிக்காரு. எனக்கும் ஒரு கண்டு தாங்க, நான் வளக்கிறன்" என்றார். விவேக்கின் மகன் இறந்த அதே ஆண்டு ஜூலையில்தான் அவர் குருவாக நினைத்த கலாம் ஐயாவும் காலமாகியிருந்தார். இரண்டு இழப்புக்குப் பிறகும் மரம் நடுவதை அவர் விடவில்லை. அதைப் படித்துத் தெரிந்துகொண்டது நாம். பட்டுத் தெரிந்துகொண்டவர் பெரியம்மா.

கன்று நடுவதை ஏப்ரலில் செய்யவில்லை. கச்சான் காற்றிலும் சித்திரை வெயிலிலும் நம் மணலில் எந்தக் கன்றும் நிற்காது என்று கமக்கார அங்கத்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஐப்பசி வரை பொறுத்தோம். இடையில் ஜூலையில் ‘இந்தியன் 2’ வெளிவந்தது. அவர் மறைந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு, முதல் தடவையாகக் கமல்ஹாசனுடன் சேர்ந்து நடித்த படம். வான் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நகரத்துத் திரையரங்குக்குப் போனோம். படம் பற்றி ஆளுக்கொரு கருத்து. ஆனால் அவர் திரையில் வந்ததும் முழு அரங்கமும் கைதட்டியது. எங்களில் சிலருக்கு அதற்குமேல் கொஞ்ச நேரம் படம் தெளிவாகத் தெரியவில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வேலை தொடங்கியது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. நம் ஊர் மண்ணில் குழி வெட்டினால் முழங்கை ஆழத்துக்குக் கீழே வெறும் மணல்தான். அதனால் படுவான்கரையிலிருந்து ஒரு லோட் வயல்மண் ஏற்றிவந்து, மாட்டெருவோடு கலந்து குழியை நிரப்பினோம். கடற்கரை வீதிக்குப் பூவரசு, பாடசாலை மதிலோரம் வேம்பு, வாவிக்கரையில் மருதும் புங்கையும் என்று இடம் பார்த்து வைத்தோம். கட்டாக்காலி மாடுகள் நம் ஊரில் மரம் வளர்ப்பின் முதல் எதிரி. வீட்டுக்கு வீடு பழைய கம்பிவலையும் பனைமட்டையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் கூடு கட்டினோம். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு தகரத்துண்டு இருக்கிறது. அதில் பராமரிக்கும் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கிறது. விவேக்கின் பெயரைப் பாடசாலை வாசலில் வைத்த முதல் மருதுக்கு மட்டும் போட்டோம். பெயர்ப்பலகையைவிட வளர்ப்பவருக்குப் பொறுப்பு வருவதுதான் முக்கியம் என்று இளைஞர் பிரிவினர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நவம்பர் 19 அவருடைய பிறந்தநாள். அன்று அடைமழை. நிகழ்வை மண்டபத்துக்குள் வைத்து, 2019இல் வந்த ‘வெள்ளைப் பூக்கள்’ படத்தை முழுமையாகப் போட்டோம். சிரிப்பு இல்லாத விவேக்கைப் பார்க்க ஊர் வருமா என்று நிர்வாகசபையில் சந்தேகம் இருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போன ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரியாக அவர் நடித்திருக்கிறார். குரலை உயர்த்தாமல், முகத்தில் ஒரு அசைவுகூடக் கூடுதலாக இல்லாமல் நடித்திருக்கிறார். இப்படியான பாத்திரங்கள் அவருக்கு இன்னும் நிறையக் கிடைத்திருக்கவேண்டும். 200க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவரைத் தமிழ் சினிமா ஒரே பக்கமாக மட்டும் பார்த்துவிட்டது என்ற கவலை எனக்கு உண்டு.

அடுத்த வாரமே வெள்ளம் வந்தது. பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் நம் கரையை ஒட்டிப் போனதில் மட்டக்களப்பும் அம்பாறையும் தண்ணீருக்குள் நின்றதை நீங்கள் அறிவீர்கள். உயர்தரப் பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டது. எமது மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்குச் சமைத்துக் கொடுத்த மாதர் சங்கத்தினருக்கு இந்தச் சபையின் நன்றி. மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டு உயிரிழந்த மாணவச் செல்வங்களுக்கு எமது அஞ்சலியை இவ்விடத்தில் பதிவுசெய்கிறேன்.

தண்ணீர் வற்றியபின் போய்ப் பார்த்தோம். பாடசாலை மதிலோரத்து வேம்பில் பெரும்பாலானவை வேரழுகிப் போயிருந்தன. வேம்பு வெயிலைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வாவிக்கரையில் மருதும் புங்கையும் கழுத்தளவு தண்ணீரில் நின்றும் துளிர் விட்டிருந்தன. பெரியம்மாவுக்குக் கொடுத்தது மருது. அதன் கூடு வெள்ளத்தோடு போய்விட்டது. அவர் தன் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டி மாட்டிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார். பட்டுப்போன வேம்புகளின் இடத்தில் அடுத்து வந்த தை மாதத்திலேயே புங்கை வைத்தாயிற்று. கன்றுகள் தந்த நாற்றுமேடைக்காரருக்கும், மண் ஏற்றித்தந்த லொறிக்கார அண்ணனுக்கும் நன்றி. அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இனி வரும் ஆண்டுக்கான கோரிக்கைகள். பங்குனி தொடங்கி ஆவணி முடியும்வரை வாரம் இரண்டு தடவையாவது கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஒழுங்கை வாரியாகத் தயாரித்த முறைப்பட்டியல் வாசிகசாலைக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. பெயர் இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தரலாம். நீர்த்தாங்கி ஒன்றைத் தள்ளுவண்டியில் பொருத்துவதற்கான செலவைப் பொருளாளரின் பாதீட்டில் சேர்த்திருக்கிறோம், சபை அனுமதி தரவேண்டும். ஏப்ரல் 17 நிகழ்வில் எந்தப் படம் போடுவது என்பதில் ‘சாமி’க்கும் ‘பேரழகன்’ படத்துக்கும் இடையே இளைஞர் பிரிவில் இன்னும் இழுபறி. இன்றைய கூட்டத்திலேயே கை உயர்த்தி முடிவு செய்துகொள்வோம்.

இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

நன்றி.

செயலாளர்,
சனசமூக நிலையம்,
மண்முனை தென் எருவில் பற்று,
மட்டக்களப்பு.