முதல் சரணத்தோடு நின்ற பாட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பசியாறினாயா? நேற்று போனில் "அந்தப் பாட்டு வேணாம், வேற ஏதாவது பார்த்துக்கோ" என்று நான் சொன்னதும் நீ "சரிப்பா" என்றாய். அந்த "சரிப்பா" எனக்குத் தெரியாததா? உன் அம்மாவும் அதே குரலில்தான் சொல்லுவாள். சொல்லிவிட்டு மூன்று நாளைக்குச் சாம்பாரில் உப்புப் போட மாட்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் எனக்கு இதெல்லாம் கோவையாகச் சொல்ல வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ மெல்பர்ன் டிராமில் நின்றுகொண்டே படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுவாய்.

உன் கல்யாணத்தில் மண்டபத்துக்குள் உன்னைக் கைபிடித்து நான் கூட்டி வரும்போது என்ன பாட்டு போடுவது என்று யோசித்து, அப்பாவுக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்றுதான் ஏரோஸ்மித் குழுவின் "ஐ டோன்ட் வாண்ட் டு மிஸ் எ திங்" பாட்டை எடுத்திருக்கிறாய். உன் மேல் தப்பில்லை. நம் வீட்டில் அந்தக் கேசட் அவ்வளவு ஓடியது. ஆனால் ஒன்று யோசித்துப் பார். அந்தப் பாட்டை நம் வீட்டில் நீ முழுசாக ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா?

1998இல் உனக்கு நாலு வயது. கோலாலம்பூரில், செந்தூல் பிளாட்டில் மூன்றாம் மாடியில் இருந்தோம். பகலில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் கீபோர்டு. அதுதான் என் வாழ்க்கை. அந்த வருடம் இரண்டும் ஒன்றாகப் போயின. தொழிற்சாலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பகுதியில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் கையில் கடிதம் கொடுத்தார்கள். இசைக்குழுவுக்கும் அழைப்பு வரவில்லை. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு மண்டபத்திலேயே கேசட் போட்டுக்கொள்ளலாம் என்று ஜனங்களுக்குத் தோன்றிவிட்டது. தப்பு சொல்ல முடியாது, காசு அப்படி. வெள்ளியின் (ரிங்கிட்) மதிப்பு சரிந்து போனதால், செப்டம்பர் 2ஆம் தேதி ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என்று அரசாங்கம் கட்டிவைத்தது. அன்று ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பொருளாதார நிபுணர்கள் ஆனார்கள். அடுத்த வாரமே புக்கிட் ஜாலிலில் காமன்வெல்த் போட்டி தொடங்கியது. ஊரெல்லாம் கொடி பறந்தது. நான் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கேமரன் மலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி. சாயங்காலம் மேலே கோசும் தக்காளியும் ஏற்றி, இருட்டியதும் தாப்பா பக்கம் இறங்கி, நள்ளிரவு தாண்டிச் சந்தையில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வரும்போது காலை ஆறு. நீ தூங்கிக்கொண்டிருப்பாய். நீ பாலர் பள்ளியிலிருந்து திரும்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். மூன்று மணிக்கு எழுந்து, குளித்து, சோறு தின்று, மறுபடி கிளம்ப வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் இப்படி. உன்னைப் பார்ப்பது என்றால் கொசுவலைக்கு வெளியே நின்று பார்ப்பதுதான்.

தாப்பா இறக்கத்தில் வளைவுக்கு வளைவு ரேடியோ கரகரக்கும். ஒரு திருப்பத்தில் போய்விடும், அடுத்ததில் வந்துவிடும். அந்த வருடக் கடைசியில் எந்த இங்கிலீஷ் ரேடியோவைத் திருப்பினாலும் அதே பாட்டுத்தான்: "ஐ டோன்ட் வாண்ட் டு மிஸ் எ திங்". ஒருத்தன் தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். கண்ணை மூட மனசில்லை, மூடினால் அந்த நேரம் வீணாகிவிடுமே என்று. எனக்குச் சிரிப்பு வரும். அவன் காதலிக்காக முழித்திருக்கிறான், நான் பள்ளத்தில் விழாமல் இருக்க முழித்திருக்கிறேன். தூக்கம் தள்ளும்போது ஜன்னலை இறக்கிவிட்டு அவனோடு சேர்ந்து கத்துவேன். பக்கத்தில் உட்கார்ந்து வரும் சீனப் பையன் முதலில் பயந்தான், பிறகு அவனும் கத்த ஆரம்பித்தான்.

அது கத்துகிற பாட்டுத்தான். இந்த ராக் பாலட் என்பது நம் பாட்டுக்குத் தலைகீழ். நாம் பல்லவியை முதலில் வைத்துவிட்டுச் சரணத்துக்குப் போவோம். அவர்கள் சரணத்தைக் காதருகே பேசுகிற மாதிரி ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, பல்லவியில் டிரம்ஸையும் கிட்டாரையும் மொத்தமாக இறக்குவார்கள். நம் கணக்கில் அதன் சுருதி இரண்டு கட்டை, டி மேஜர். பின்னால் வயலின் கூட்டம் ஒன்று விரிந்துகொண்டே போகும். வாசிக்க ஒன்றும் கஷ்டமில்லை. பாடுகிறவனுக்குத்தான் தொண்டை வேண்டும். ராக் கபாக் என்கிற மலாய் ராக் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பையன்களுக்கு இது புதிசில்லை. பாசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், கிட்டார் வைத்திருந்தவன் எல்லாம் அதைப் பாடினான்.

நான் இதை எல்லாம் துருவித் துருவிப் படித்தது பிற்பாடு, நீ எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த பிறகு. பாட்டை எழுதியது ஒரு பெண், டயான் வாரன். பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் அவரைக் கட்டிக்கொள்ளப்போகிற நடிகர் ஜேம்ஸ் புரோலினும் டிவியில் பேட்டி கொடுத்தார்கள். தூங்கும்போதுகூட அவளைப் பிரிந்திருப்பது போல இருக்கிறது என்று அந்த மனுசன் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தம்மா எழுதினார். யாராவது பாடகி பாடுவார் என்று நினைத்து எழுதியது கடைசியில் ஏரோஸ்மித் கைக்குப் போனது. பாஸ்டனில் 1970இல் ஆரம்பித்த குழு. அமெரிக்காவின் முக்கியமான பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் அதுவரை முதல் இடத்தைப் பார்த்ததே இல்லை. இந்தப் பாட்டு வந்த முதல் வாரமே முதலிடத்தில் போய் உட்கார்ந்து நான்கு வாரம் நகரவில்லை. இருபத்தெட்டு வருடம் சொந்தப் பாட்டு வாசித்தவர்களுக்கு அடுத்தவர் எழுதிய சினிமாப் பாட்டில்தான் அது கிடைத்தது. மேடையில் கிடக்கிறவனுக்கு அந்தச் சங்கடம் புரியும். எங்கள் குழுவிலும் நாங்களே மெட்டுப்போட்ட பாட்டுக்கு ஒருத்தரும் கை தட்டியதில்லை. ஆஸ்கருக்குப் போட்டி போட்டும் அந்தப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. அந்தம்மாவுக்கு 2022இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், பத்துத் தடவைக்கு மேல் வெறுங்கையோடு அனுப்பிய பிறகு.

அந்தப் பாட்டு வருகிற படத்தை நாம் பார்த்தது விசிடியில். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் வாங்கிய இரண்டு தட்டு. தியேட்டருக்குள் எவனோ கேமராவை ஒளித்து எடுத்திருக்கிறான், நடுவில் ஒருத்தர் எழுந்து கக்கூசுக்குப் போகிறது நிழலாகத் தெரியும். ஆர்மகெடான். கதை என்னமோ வெடிகுண்டுக் கதை. பூமியில் மோத வருகிற விண்கல்லில் துளைபோட்டுக் குண்டு வைக்க எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஆட்களை ராக்கெட்டில் அனுப்புகிறார்கள். நாசாக்காரனுக்கு நாலு நாளில் துளைபோடக் கற்றுக்கொடுக்க முடியாதா என்று உன் சித்தப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டாவது தட்டில், குண்டை வெடிக்க ஒருத்தர் அங்கேயே தங்க வேண்டும் என்று வருகிறது. சீட்டு விழுவது மகளின் காதலனுக்கு. அப்பன்காரன் அவனைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுத் தான் நின்றுவிடுகிறான். டிவித் திரை வழியாக மகளிடம் விடைபெறுகிறான். படம் முடிந்து பெயர் ஓடும்போது அவளுக்குக் கல்யாணம், அப்பன் படமாக இருக்கிறான். இந்தப் படத்துப் பாட்டையா நீ நாம் நடந்து வருவதற்குப் போடச் சொல்கிறாய்? அம்மாவுக்குக் கதை ஞாபகம் வந்தால் மண்டபத்திலேயே அழுது வைப்பாள்.

இது பாதிக் காரணம்தான். இன்னும் கேள்.

அந்த மகளாக நடித்தது லிவ் டைலர், பாட்டைப் பாடிய ஸ்டீவன் டைலரின் சொந்த மகள். சின்ன வயதில் அவள் வேறொரு பாடகரைத்தான் அப்பா என்று நினைத்து வளர்ந்தாள். இவர்தான் அப்பா என்று பிற்பாடுதான் தெரிந்தது. படம் அமெரிக்காவில் வெளியானது 1998 ஜூலை 1, அன்று அவளுக்கு 21 வயது முடிகிறது. அந்தப் பேட்டி கொடுத்த தம்பதி கல்யாணம் செய்துகொண்டதும் அதே நாள். இதையெல்லாம் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டின் வீடியோவைத் தேடிப் பார். கடைசியில் திரையில் தகவல் அறுந்துபோகிறது, அந்தப் பெண் அழுதுகொண்டே திரையைத் தொடுகிறாள். ஒன்றையும் விட்டுவிட மனசில்லை என்று அவ்வளவு பெரிய குரலில் பாடுகிறவர், அவள் நடை பழகினதைப் பார்த்தவர் இல்லை.

இப்போது கேசட்டுக்கு வருகிறேன். லீவு நாள் மத்தியானம் ரேடியோவிலிருந்து அதைப் பதிவு செய்தேன். டிடிகே தொண்ணூறு. தொடக்கத்தில் அறிவிப்பாளர் பேசுகிறது கூட விழுந்திருக்கும். லோரியில் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். தலைப்பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் மேலே யாரும் பதிவு செய்ய முடியாது. நான் உடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து லோரியில் போட்டேன். முதல் சரணம் வந்தது, பல்லவிக்கு ஏறுகிற இடத்தில் "டொக்". பிறகு ஒரு குசுகுசுப்பு.

அம்மா காலிக் கேசட் என்று நினைத்திருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லணும்னு சொன்னியே, இதுல சொல்லு" என்று அவள் குரல். நீ பேசுகிறாய். பள்ளியில் ஆமை வரைந்தாயாம். ஆமைக்கு ஆறு கால் போட்டதற்கு டீச்சர் சிரித்தார்களாம், ஆனால் இரண்டு கால் அதன் பாப்பாவுடையதாம். ஒரு பையன் உன் பென்சிலை எடுத்துக்கொண்டானாம், அவன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாயாம். எல்லாம் காற்றுக் குரலில். அம்மா நடுவில் "சத்தமா பேசு, இதுல விழாது" என்கிறாள். நீ சொல்கிறாய்: "அப்பா தூங்குறாரு."

அதற்குப் பின்னால், வால்யூமைக் கூட்டி வைத்தால், இன்னொரு சத்தம் கேட்கும். முதலில் டேப் ஓடுகிற இரைச்சல் என்று நினைத்தேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அது என் குறட்டை. கதவு திறந்திருக்கிறது போல.

நாலு நிமிடம் இருக்கும். அதன் பிறகு வேறொரு "டொக்", பாட்டின் கடைசிக் கத்தல் கொஞ்சம், முடிந்தது. இரண்டு வருடம் லோரியில் அதுதான் ஓடியது. சீனப் பையன் ஆமைக் கதையைத் தமிழிலேயே மனப்பாடம் செய்துவிட்டான். லோரி வேலை விட்ட பிறகு வீட்டில் போட ஆரம்பித்தேன். நீ எட்டு, ஒன்பது வயதில் கூடத்துக்கு வந்தால் "டொக்" வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன். வெட்கம்தான், வேறென்ன. அதனால்தான் நீ முதல் சரணம் மட்டும் கேட்டு வளர்ந்தாய். அப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்று முடிவுகட்டிவிட்டாய்.

மண்டபத்தில் அந்தப் பாட்டு பல்லவிக்கு ஏறினால் நான் "டொக்"குக்காகக் காத்திருப்பேன், பாப்பா. அது வராது. ஆர்கெஸ்ட்ரா முழுசாக வந்து விழும். நான் எங்கே காலை வைப்பேன் என்று எனக்கே தெரியாது. நீயும் சேலையில் இருப்பாய்.

ஆகவே இப்படிச் செய்யலாமா? நடந்து வரும்போது நாதஸ்வரமே இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதுதான் பிடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் மேடையில் என் கீபோர்டைப் போட்டு நான் அந்தப் பாட்டை வாசிக்கிறேன், பாடகர் இல்லாமல், முழுசாக. மாப்பிள்ளைக்கும் உனக்கும். பழைய இசைக்குழு ஆட்களில் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தருக்கு முட்டி வலி, உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கத் தடையில்லை. என் கீபோர்டில் மேல் எஃப் ஷார்ப் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு கட்டைக்கு அது இல்லாமல் முடியாது, தீபாவளிக்கு முன்னால் சரிபண்ணிவிடுவேன்.

கேசட்டை நீ வரும்போது கையில் தருகிறேன். ஒரு இடத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, பென்சிலால் மெதுவாகச் சுற்று, வேகமாக ஓட்டாதே. அங்கே பிளேயர் கிடைக்குமா என்று பார்த்துச் சொல். இங்கே அம்கோர்ப் மால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒன்று இருக்கிறது. நூற்றிருபது வெள்ளி சொல்கிறான், தொண்ணூறுக்குக் கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா