கொழும்பைக் குறை சொல்கிறோம், நமது ஒழுங்கை வாசல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் சாரதி நான். வேனில் ஏறுகிறவர்கள் பொலன்னறுவை தாண்டுமுன் கேட்டுவிடுவார்கள்: "கொழும்பில ஓடுறது பெரிய கஷ்டம் என்ன?" எனக்கு நம் ஊரில் ஓடுவதுதான் கஷ்டம்.

கொழும்பில் தனியார் பஸ்கள் அடுத்த தரிப்பிடத்து ஆட்களுக்காக ஒன்றையொன்று துரத்தும். ஓட்டோ கிடைத்த இடுக்கில் தலையை விடும். மோசம்தான். ஆனால் தலையை விடப்போகிறது என்று பக்கத்தில் ஓடுகிற எவருக்கும் முன்பே தெரியும், காலும் பிரேக்கில்தான் இருக்கும். கட்டாரிலும் சவூதியிலும் சாரதி வேலை பார்த்து வந்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். வேகப் பாதையில் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து லைட் அடித்தே விலக்குவார்களாம். கமராவைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் பழைய வேகம்.

லைட் அடிப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லண்டனில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தம். இங்கே 'நான் வருகிறேன், நில்' என்று அர்த்தம். ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து வாகனம் வாடகைக்கு எடுத்து ஓடுகிற நம் உறவுகளுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

2023 ஜூலையில் மன்னம்பிட்டியில் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்த பஸ் காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பஸ்களின் வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசினோம். பேச வேண்டியதுதான். நமது சொந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேச்சே வருவதில்லை.

கல்லடிப் பாலம் தாண்டினால் கல்முனை வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். ஊர்கள் எல்லாம் ஒரே பிரதான வீதியை ஒட்டியே இருக்கின்றன. கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கை, வாவிப் பக்கம் ஓர் ஒழுங்கை, எல்லாம் வந்து முட்டுவது இந்த வீதியில். கடைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் இதால்தான். அதனால் நாம் இதை வீட்டு முற்றம் போல நினைத்துவிட்டோம். முற்றத்தில் இறங்கும்போது யார் இரண்டு பக்கமும் பார்ப்பார்?

அண்மையில் ஒரு மாலை, டியூஷன் விடும் நேரம். தகப்பன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார், பெற்றோல் டேங்கில் ஒரு பிள்ளை, பின்னால் தாயும் இன்னொரு பிள்ளையும். ஒழுங்கையிலிருந்து வந்தவர் நிற்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை, நேரே வீதியில் ஏறிவிட்டார். பிரேக் அடித்து நான் நின்ற இடத்திலிருந்து அந்தச் சின்னவளின் தலையில் குத்தியிருந்த கிளிப் தெரிந்தது. இறங்கிக் கேட்டேன். "நம்மட ரோடுதானே அண்ணன், நீங்க பாத்து வாங்களன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அம்பாறைப் பக்கம் போனால் அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். வாகனம் ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வைப்பார்கள். பொழுதுபட நெல்லை அள்ளுகிறவர் கல்லை அள்ளுவதில்லை. இருட்டில் அந்தக் கல்லும், பின் லைட் இல்லாத பெட்டியோடு போகும் உழவு இயந்திரமும் கிட்டப் போனால்தான் தெரியும். வயற்காரர் கஷ்டம் எனக்கும் தெரியும், காயப்போடக் களம் இல்லை. சரி, கல்லை எடுத்துப் போடுவதற்குக் களம் வேண்டுமா?

பொலிஸார் தலைக்கவசமும் லைசன்ஸும் பார்க்கிறார்கள், நல்லது. மாலையில் ஒழுங்கை வாசல்களிலும் நின்று பார்க்கட்டும். பிரதேச சபைகள் அந்த வாசல்களில் நிறுத்தற்கோடு போட்டு, பார்வையை மறைக்கும் வேலிக் கிளைகளை வெட்ட வேண்டும். டியூஷன்காரர்கள் எல்லா வகுப்பையும் ஒரே நேரத்தில் விடாமல் கால் மணி நேரம் தள்ளித்தள்ளி விடலாம். உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டும் வேலையைக் கமநல சேவை நிலையங்களில் உரம் கொடுக்கும் நாட்களிலேயே செய்துவிடலாம். விவசாயிகள் எப்படியும் அன்று அங்கே வருவார்கள்.

வேன் சாரதி ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.