உடல் திருடன் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன் ரைஸ் எழுதிய 'தி டேல் ஆஃப் தி பாடி தீஃப்' நாவல் பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கருத்துகளை இரண்டு முறை படித்தேன். நாயகனான ரத்தக்காட்டேரி லெஸ்டாட் மனித உடலுக்குள் போனதும் கதை தொய்ந்துவிடுகிறது, ஜலதோஷத்துக்கும் காய்ச்சலுக்கும் இத்தனை பக்கமா என்று பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். கடைசியில் அவனுடைய முதிய நண்பர் டேவிட்டுக்கு இளமையும் சாகாவரமும் சேர்ந்தே கிடைத்துவிட்டன, இதைவிட நல்ல முடிவு வேண்டுமா என்று சிலர் மகிழ்ந்திருக்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். இந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் படித்ததே அந்தக் காய்ச்சல் பக்கங்களைத்தான்.

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1976-இல் தொடங்கிய ரத்தக்காட்டேரி வரிசையில் 1992-இல் வந்த நான்காவது நாவல் இது. இருநூறு ஆண்டுகளாக இரவில் மட்டுமே உலவும் லெஸ்டாட், வாழ்க்கை கசந்துபோய், கோபிப் பாலைவனத்தில் சூரியனை நோக்கிப் பறந்து உயிரை விடப் பார்க்கிறான். சாவு வரவில்லை, தோல் மட்டும் கறுத்துப்போகிறது. அந்த நேரம் பார்த்து ராக்லன் ஜேம்ஸ் என்ற எத்தன் வருகிறான். ஒரு வாலிப மெக்கானிக்கின் உடலுக்குள் ஏற்கெனவே குடியேறியிருப்பவன். கொஞ்ச காலத்துக்கு உடம்பை மாற்றிக்கொள்ளலாம், பகல் வெளிச்சத்தைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டுகிறான். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில், பனி கொட்டும் குளிர்காலத்தில், மாற்றம் நடக்கிறது. ஜேம்ஸ் அந்த வலிமை மிக்க உடலோடு போனவன் போனவன்தான்.

அடுத்து வருவதைத்தான் தொய்வு என்கிறார்கள். ஆசைப்பட்ட சாப்பாடு வாயில் சவசவக்கிறது. சிறுநீர் கழிப்பது அருவருப்பாயிருக்கிறது. குளிர் எலும்பில் இறங்குகிறது. சளி நிமோனியாவாக முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கிறான். சாகத் துணிந்து சூரியனிடம் போனவன் இங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் பயந்து கிடக்கிறான்! என் வார்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் இதை. நல்ல திடகாத்திரமான ஆள், "எனக்கு ஒண்ணும் இல்லை சிஸ்டர்" என்று வந்து படுத்தவர், இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். இந்தப் பயத்தைக் கற்பனையால் மட்டும் எழுத முடியாது என்று எனக்குத் தோன்றும். ஆன் ரைஸ் தன் மகளை 1972-இல், ஐந்து வயதில், ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முன்பு லெஸ்டாட்டே ரத்தக்காட்டேரி ஆக்கி, பிறகு இறந்துபோன குழந்தை கிளாடியா, ஜுர வேகத்தில் அவன் கண்முன் வந்து வந்து போகும் இடங்களை, அதை மனத்தில் வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

எனக்கு இந்தக் கதை அந்நியமாகப் படவில்லை. குத்தாலம் பக்கம் பிறந்தவள் நான். திருவாவடுதுறையும் திருமூலரும் எங்களுக்குப் பாட்டி சொன்ன கதை. காவிரிக்கரையில் இடையன் மூலன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கண்ணீர் விடுகின்றன. அந்தத் துயரம் பொறுக்காமல் யோகி கூடுவிட்டுக் கூடு பாய்கிறார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் தன் உடலைத் தேடினால் அது வைத்த இடத்தில் இல்லை! லெஸ்டாட்டுக்கு நேர்ந்ததும் இதேதான். ஆனால் மூலனின் மனைவி வந்து தொடப்போனபோது, எனக்கும் உனக்கும் உறவில்லை என்று விலகி நின்றார் அவர். வந்து சேர்ந்த உடம்பை வைத்து அவளை ஏமாற்றவில்லை.

லெஸ்டாட் என்ன செய்கிறான்? மனிதனாகிச் சில மணி நேரம்கூட ஆகவில்லை, உணவகத்தில் பரிமாறும் ஒரு பெண்ணோடு அவள் வீட்டுக்குப் போகிறான். பாதுகாப்பு வேண்டும் என்கிறாள். மறுக்கிறாள், தள்ளுகிறாள். அவன் நிறுத்துவதில்லை. இதற்குப் பெயர் வன்புணர்ச்சி. உங்கள் இதழில் வந்த கருத்துகளில் ஒன்றுகூட அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது. நாயகனின் சுவாரசியமான அனுபவங்களில் ஒன்றாக அவளைக் கடந்து போய்விட்டீர்களா?

கடக்கக் கூடாது என்பதற்குக் காரணம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. டேவிட் டால்பட் 74 வயதுக்காரர், தலமாஸ்கா என்ற ரகசிய ஆய்வு அமைப்பின் தலைவர், லெஸ்டாட்டின் ஒரே மனித நண்பர். என்னைப் போல் ஆகிவிடு என்று அவன் எத்தனையோ முறை கெஞ்சியும் வேண்டாம் என்றவர். பழைய உடலை மீட்க, நம்பிப் போன சக ரத்தக்காட்டேரி லூயி கைவிட்ட பிறகும், அவனுக்குக் கைகொடுத்தவர் அவர்தான். (லூயி மறுத்ததைத் துரோகம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கேட்ட மனித வாழ்வு கிடைத்திருக்கிறது, வாழ்ந்து பார் என்றுதானே லூயி சொல்கிறான்? நாவலிலேயே நேர்மையான பேச்சு அது.) ஜேம்ஸ் பயணம் செய்யும் கப்பலில் நடக்கும் அமளியில் லெஸ்டாட் தன் உடலை மீட்டுவிடுகிறான்; ஜேம்ஸ் டேவிட்டின் முதிய உடலுக்குள் புகுந்துகொள்ள, டேவிட் அந்த வாலிப உடலுக்குள் வந்துவிடுகிறார். ஜேம்ஸ் ஒழிந்தான், கதை முடிந்தது என்று நாம் நினைக்கும்போது, பார்படாஸில் லெஸ்டாட் அவரைப் பிடிக்கிறான். அவர் மறுக்கிறார், போராடுகிறார். விடாமல் ரத்தக்காட்டேரி ஆக்கிவிடுகிறான்.

ஜார்ஜ்டவுனில் அந்தப் பெண் சொன்ன 'வேண்டாம்' பார்படாஸில் டேவிட்டின் வாயிலிருந்து மறுபடி வருகிறது. அன்று மனித உடம்பு பழக்கமில்லை என்றாவது சாக்குச் சொல்லலாம். இப்போது சொந்த உடம்பில், முழு அறிவோடு, தன்னைக் காப்பாற்றிய நண்பனுக்குச் செய்கிறான். தலைப்பிலிருக்கும் திருடன் ஜேம்ஸ் மட்டும்தான் என்று எப்படிச் சொல்வேன்? ஜேம்ஸாவது உடலைக் கொடுத்து உடலை வாங்கினான்.

டேவிட் பிறகு மன்னித்துவிட்டாரே என்பீர்கள். மன்னிக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் மன்னித்தது அவருடைய பெருந்தன்மை. அதை லெஸ்டாட்டின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், டேவிட்டின் வயதுதான் இருக்கும். நினைவு தெளிவாக இருந்தபோதே, "போதும்மா, குழாய் கிழாய் ஒண்ணும் வேண்டாம்" என்று மகன்கள் எதிரிலேயே சொன்னார். நினைவு தப்பியதும் மகன்கள் கேட்கவில்லை. பாசம்தான், குறை சொல்ல மாட்டேன். பதினேழு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஒவ்வொரு நாளும் அவர் வாயைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்தது நான். பார்படாஸ் அத்தியாயத்தைப் படித்த இரவு அவர் முகம்தான் கண்ணில் நின்றது. டேவிட்டுக்கு எவ்வளவு நல்லது நடந்துவிட்டது என்று எழுதிய வாசகர்கள், அவர் கடைசியாக மறுக்கும் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி,
குத்தாலம்