நிழலில் வளர்ந்த செடியும் உச்சிவெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் தோட்டப் பகுதியில் 'எவ்வளவு வெயிலோ அவ்வளவு வளர்ச்சி' என்று எழுதியிருந்தீர்கள். நர்சரி நடத்துகிறவன் என்பதால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி நம்பி, வாங்கிய அன்றே செடியை மொட்டை வெயிலில் வைத்துவிட்டு, இலை வெளுத்ததும் எங்களிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள்.

உச்சிவெயிலில் விழும் ஒளி அத்தனையையும் பெரும்பாலான இலைகளால் உணவாக்க முடியாது. ஆனாலும் பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். மிஞ்சும் ஆற்றல் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்தால் ஆபத்து. அந்த ஆக்சிஜன் இலையின் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே இலை விழித்துக்கொள்கிறது. ஒளி மிஞ்சும்போது, பசுங்கணிகத்தில் (இலைச் செல்லுக்குள் உணவு தயாராகும் இடம்) உள்ள தைலகாய்டு என்ற நுண்பைகளுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. உடனே பிஎஸ்பிஎஸ் என்ற புரதம் செயல்படத் தொடங்கும். வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை ஒரு நொதி சியாசாந்தினாக மாற்றும் (நம் விழித்திரையில் இருப்பதும் இதே சியாசாந்தின்தான்). இவற்றின் துணையோடு மிகுதி ஆற்றல் வெறும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. எல்லாம் சில நிமிட வேலை.

சரி, பிறகு ஏன் வெளுக்கிறது? நிழல்வலைக்குள் வளர்ந்த இலையில் இந்த நிறமிகளின் கையிருப்பு குறைவு. திடீரென்று கொட்டும் ஒளியை அதனால் சமாளிக்க முடியாது. முதலில் காலை வெயில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் நேரம் என்று ஓரிரு வாரம் பழக்கினால் போதும். வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது. அதற்காகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வேரையும் அழுக வைக்காதீர்கள். புதுத் துளிர் வெயிலுக்கு ஏற்றபடியே வரும்.

ஒளியை இப்படி வெளியேற்றுவது வீண் என்றும் சிலர் சொல்கிறார்கள். வீணாவது வேறு இடத்தில். மேகம் மறைத்து வெளிச்சம் குறைந்த பிறகும் இலை உடனே நிறுத்தாமல், கொஞ்ச நேரம் ஆற்றலை வெப்பமாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தாமதத்தை மரபணு மாற்றத்தால் குறைத்த புகையிலைச் செடிகள் வயல் சோதனையில் சுமார் 15 சதவீதம் கூடுதல் எடை தந்ததாக 2016-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவர்கள்கூட அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடவில்லை, வெளிச்சம் குறைந்ததும் அது நிற்பதை வேகப்படுத்தத்தான் செய்தார்கள்.

அடுத்த முறை எழுதும்போது, செடி நிழலில் வளர்ந்ததா வெயிலில் வளர்ந்ததா என்று விற்பவரிடம் கேட்டு வாங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நர்சரி நடத்தும் வாசகர்