நூறாவது இதழுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு வாசகர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் மாத இதழின் நூறாவது எண் கடந்த ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரையில் வெளியானது. அஞ்செட்டியிலிருந்து கல்லூரி விடுதி மாணவியர் சேர்ந்து கட்டிய சந்தாவோடு, சந்தாதாரர் எண்ணிக்கையும் அதே வாரத்தில் ஆயிரத்தைத் தொட்டது. இவ்விரண்டும் ஒருசேர வாய்த்ததில் எங்களுக்குள்ள நிறைவைச் சொற்களில் அடக்க முடியவில்லை. ஃபெஞ்சல் புயலின் மழை எங்கள் ஊரை என்ன செய்தது என்பதை உங்களில் பலர் நேரிலும் மற்றவர்கள் தொலைக்காட்சியிலும் பார்த்தீர்கள். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய ஊரில், தரையை ஒட்டிய ஓர் அறையில் அடுக்கியிருந்த தாள்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதைக் கடந்து, அதன் பின் எங்களுக்குத் துணை நின்றவர்களைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன்.

அவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் எங்கள் சந்தாதாரர் அல்லர். பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் அண்ணன் அவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு, எங்களிடமிருந்த ஒரே கோப்புப் பிரதிகளை, அதாவது முதல் இதழ் தொடங்கி எண்வாரியாகக் கட்டி வைத்திருந்தவற்றை, அறை வாசலில் வெயிலில் பரப்பியிருந்தோம். தெருவெங்கும் மெத்தையும் பாயும் பள்ளிப் பைகளும் காய்ந்துகொண்டிருந்த நாள் அது. அவரவர் வீட்டைப் பார்ப்பதற்கே நேரமில்லாத அந்தச் சமயத்தில், அவ்வழியே போன அண்ணன் நின்று, குனிந்து, ஓர் இதழை இரு கைகளாலும் ஏந்திப் பார்த்தார். “வெயில் வேணாம் சார், சுருண்டுக்கும். நெழல்ல வைங்க. ஒண்ணையும் பிரிக்காதீங்க, நான் வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அவருக்கும் எங்களுக்கும் இருந்த பழக்கம், போகையில் வருகையில் தலையசைத்துக்கொள்வது மட்டும்தான்.

மாலையில் அவர் திரும்பி வந்தபோது கையில் பெரிய இஸ்திரிப் பெட்டியும், தோளில் பழைய வேட்டிகளும், ஒரு சிறு சாக்கில் கொட்டாங்குச்சிக் கரியும் இருந்தன. கரியைப் பரண்மேல் வைத்திருந்ததால் அது மட்டும் நனையாமல் தப்பியதாம். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், ஊரில் ஒரு தாளைச் சூடுகாட்டி உலர்த்த வழியிருந்தது என்றால் அது அந்தக் கரிப்பெட்டி ஒன்றுதான்.

அவர் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் இருந்த அறிவை நாங்கள் வேறெங்கும் கற்றிருக்க முடியாது. முதலில் இதழ்களைச் சாய்வாக நிறுத்தி நீரை வடியவிட்டார். பிறகு குறடு ஒன்றால் நடுவில் அடித்திருந்த பின்களை ஒவ்வொன்றாக நீக்கினார். துணியில் துருக்கறை ஏறினால் போகாது என்பது அவர் தொழில் சொல்லும் பாடம், தாளிலும் அப்படித்தான் என்றார். பாரம் பாரமாக, அதாவது மடித்த அச்சுத்தாள்களாக, பிரிந்தவற்றுக்கு இடையே வேட்டித் துணியை வைத்து, நிழலில் ஓரிரவு காற்றாட விட்டார். ஈரம் பாதி இறங்கிய பின்னர்தான் பெட்டியைத் தொட்டார். அப்போதும் கரியில் பாதியை வெளியே அள்ளிவிட்டு, மீதி நீறு பூக்கும்வரை காத்திருந்து, பெட்டியின் அடியைப் புறங்கைக்கு அருகில் கொண்டுவந்து சூடு பார்த்தார். தாளின்மேல் துணி விரித்து, பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுத்தார். “தேய்க்கக் கூடாது சார், பேப்பர் நஞ்சிருக்குது, பிஞ்சிரும். ஒத்தடம் குடுக்கற மாதிரி ஒத்தி எடுக்கணும்” என்று எங்கள் மாணவன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே செய்தார்.

உள்பக்கங்கள் மேப்லித்தோ எனும் பூச்சில்லாத தாளில் அச்சானவை என்பதால் பெரும்பாலும் பிழைத்தன. ஆஃப்செட் மை எண்ணெயில் குழைத்தது. நீர் அதை ஒன்றும் செய்யவில்லை. வழவழப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பர் அட்டைகளில் பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்துவிட்டன. அவற்றை அவர் வற்புறுத்திப் பிரிக்கவில்லை. வாசகர் கடிதக் கட்டில், பந்துமுனைப் பேனாவில் எழுதியவை எழுத்துக்கு எழுத்து நிலைத்திருந்தன. மைப்பேனாவில் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன. எங்களுக்கு முதல் ஆண்டிலிருந்து மாதந்தவறாமல் எழுதி வந்த, இப்போது நம்மிடையே இல்லாத பாலக்கோட்டுப் பெரியவரின் கடிதங்கள் அத்தனையும் மைப்பேனாவில் எழுதியவை. அந்தத் தாள்களையும் அண்ணன் மற்றவற்றைப் போலவே ஒத்தி உலர்த்தி, தனியாக ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். எழுத்தே இல்லாத தாளை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்ததால் யூனிஃபார்ம் வராது, கை சும்மாதான் இருக்கிறது என்று அவர் சொன்னார். அது எங்கள் மனம் கூசாமலிருக்கச் சொன்ன வார்த்தை. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்ததும், வாடிக்கையாளர் துணிகளை அலசித் திருப்பித் தருவதற்கே அவர் மனைவி பகலெல்லாம் பாடுபட்டதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தன. கூலி என்ன என்று கேட்டபோது, “கரிக்காசு மட்டும் குடுங்க” என்றார். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். ஒத்தி எடுத்த தாள்களை வரிசைப்படுத்தும்போது படித்துக்கொண்டே வந்திருக்கிறார். போச்சம்பள்ளி வட்டம் சந்தூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் ஒருவர் மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பற்றி நமக்கு எழுதிய கட்டுரை, பெங்களூரா வகை மாமரத்தின் இளங்குச்சியைச் சீவும் இடத்தில் ‘தொடரும்’ என்று நின்றுவிட்டது. “அடுத்த பாகம் எந்தப் புத்தகத்துல சார்?” என்றார். நூறாவது இதழில் அக்கட்டுரையின் இரு பகுதிகளையும் சேர்த்து மறுபதிப்பாகக் கொடுத்திருப்பதற்கு அந்தக் கேள்வியே காரணம். நம் இதழுக்கு இதுவரை கிடைத்த வாசகர் கடிதங்களுள் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் காணவில்லை.

மற்றவர்களுக்கும் நாங்கள் பட்ட கடன் சிறிதன்று. ஓசூர், பென்னாகரம், அரூர், காரிமங்கலம் முதலிய ஊர்களிலிருந்து தங்கள் வீட்டுப் பிரதிகளை அனுப்பி, எங்களிடம் சிதைந்துபோன எண்களை நிரப்பிய வாசகர்கள். சேறு அள்ள வந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாளை எடுத்து அச்சேற்றிய தர்மபுரி அச்சகத்தார். பாரதக் கூத்தில் ஓரிரவு கிடைத்த தட்டுக்காசை அப்படியே கொண்டுவந்து கொடுத்த கூத்துக் கலைஞர்கள். கட்டுகளை இருக்கைக்கு அடியில் வைத்து ஊர் ஊராக இறக்கிவிட்ட நடத்துநர்கள். கிளை நூலகங்களில் இதழை மேசைமேல் எடுத்து வைத்த நூலகர்கள் ஆகிய அனைவருக்கும் குழுவின் சார்பில் என் வணக்கங்கள். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும், இந்த இதழுக்கு தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே வீடுதான் என்பதை நீங்கள் இந்த மாதங்களில் மெய்ப்பித்துவிட்டீர்கள்.

நூறு, ஆயிரம் என்ற எண்களைக் கொண்டாடும் உரிமை நமக்கு உண்டு. பெரிய நகரங்களுக்குத் தொலைவில், விளம்பர வருவாய் இன்றி, ஆசிரியரும் செவிலியரும் உழவரும் கூத்தாடியும் மாணவரும் முறைவைத்துப் பொறுப்பேற்று நடத்தும் ஓர் இதழ் இவ்வளவு தூரம் வந்திருப்பது எளிய செயலன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வைக் கொண்டு தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டபோது, அந்த ஊர்க்காரர்களின் வாய்மொழியை நம் பக்கங்களில்தான் முழுமையாகப் பதிவு செய்தோம். கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குழந்தைகளின் பல்லும் எலும்பும் என்னவாகும் என்று செவிலியர் ஒருவர் எழுதிய தொடரைப் படித்துவிட்டு, ஊராட்சிக் கூட்டத்தில் ஒகேனக்கல் குடிநீரைக் கேட்டு எழுந்து நின்ற பெண்களை எனக்குத் தெரியும். நம் ஊர் நடுகற்களின் படங்கள், அவற்றில் சில இன்று அதே இடத்தில் இல்லை, நம் பழைய எண்களில் இருக்கின்றன. இவையெல்லாம் அந்த ஈரக் கட்டுகளுக்குள் இருந்தன. ஆயிரம் பேர் சந்தா கட்டியிருந்தும், சந்தா கட்டாத ஒருவரின் இரண்டு கைகளால்தான் அவை மீண்டு வந்தன. நம் வாசகர் எண்ணிக்கையை இனி நினைக்கும்போதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இல்லாதவர்களையும் சேர்த்தே நினைப்பேன்.

சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பற்றி இந்நாட்களில் அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ஓவியர் ஒருவர், தம் கைக்காசில் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான் 1994-இல் அந்த நூலகமாயின. தமிழின் அச்சுச் செல்வத்தைக் காத்தவர்கள் பட்டியலில், பெரும் பதவி எதுவும் வகிக்காத இத்தகைய மனிதர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எங்கள் இஸ்திரி அண்ணனுக்கு அந்த வரிசையில் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நன்றியைச் செயலாக்குவதற்குக் குழுவாக இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறோம். மீட்ட இதழ்கள் அனைத்தையும் மின்வருடல் செய்து, ஒவ்வொரு புதிய எண்ணிலும் ஒரு படியைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும், ஒன்றை ரோஜா முத்தையா நூலகத்துக்கும், ஒவ்வொன்றை இரு மாவட்ட மைய நூலகங்களுக்கும், மேலும் மேட்டுநிலத்தில் வீடுள்ள மூன்று வாசகர்களுக்கும் கொடுத்து வைக்கப் போகிறோம். அம்மூவரும் இப்போதே அலமாரியை ஒழித்து வைத்துவிட்டதாகத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். மின்வருடலுக்குக் கருவி தந்து உதவக்கூடியவர்கள் அறைக்கு நேரில் வந்து பேசினால் நல்லது, ஏனெனில் பிரிந்த தாள்களைத் தானியங்கிக் கருவியில் விட இயலாது, ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும்.

இரண்டாவது முடிவு, நூற்றொன்றாம் இதழிலிருந்து தொழில் செய்பவர்கள் தம் தொழிலைத் தம் பேச்சிலேயே சொல்லும் நிலையான பகுதி ஒன்றைத் தொடங்குவது. சொன்னதைச் சொன்னபடி எழுதி, அச்சுக்கு முன் அவர்களுக்கே படித்துக் காட்டி, எழுத்தாளருக்குரிய அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் கொடுப்போம். புளி உடைக்கும் பெண்களும், மாங்கூழ் ஆலைகளில் பருவத்துக்கு மட்டும் வேலை செய்பவர்களும், கன்று கட்டுபவர்களும், கூத்துக்குக் கட்டை அணி செய்யும் தச்சர்களும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இஸ்திரி அண்ணனையும் கேட்டோம். பெயர் போடாவிட்டால் சரி என்றும், பள்ளித் தேர்வு முடிந்து யூனிஃபார்ம் குறையும் மே மாதத்தில் வண்டியருகிலேயே வந்து உட்கார்ந்தால் பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அவருடைய பகுதி ஜூன் இதழில் வரும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஆசிரியர் குழுவின் சார்பில்,
இவ்வாண்டின் பொறுப்பாசிரியர்,
ஊத்தங்கரை