2.7-ஐ வைத்துக்கொண்டு என்னை உள்ளே அனுப்பியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் முதலாண்டு மதிப்பீடு முடிந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த "நிபந்தனையுடன் சேர்க்கப்பட்டவர்" என்ற வரியை எடுத்துவிட்டார்கள். இனி நானும் மற்றவர்களைப் போல மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். இந்த மடலைச் சேர்ந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதிவிட்டு, நிபந்தனையில் தோற்றுத் திரும்பி வந்தால் எந்த முகத்தோடு உங்களைப் பார்ப்பது என்று தள்ளிப்போட்டேன். மன்னியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இளநிலையில் என் சராசரி 4-க்கு 2.7. இயற்பியல் வேதியியலில் சி. புள்ளியியலில் சி மைனஸ். கரிம வேதியியலை ஒருமுறை பாதியிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். இதற்குப் பின்னால் பெரிய சோகக்கதை எதுவும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்து பள்ளியில் தப்பித்த பழக்கம் கல்லூரியில் பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்று உறைக்கவே நான்கு செமஸ்டர் ஆனது.

முதல் நன்றி, எனக்குப் பரிந்துரைக் கடிதம் தர மறுத்த பேராசிரியருக்கு. சார், நீங்கள் இதைப் படிப்பீர்களா என்று தெரியவில்லை. கடைசி செமஸ்டரில் உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன். நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "எழுதித் தரலாம்ப்பா. வகுப்புக்கு ஒழுங்கா வந்தார், நல்ல பையன்னு எழுதலாம். ஆனா அந்தக் கடிதமே உன்னைக் கவுத்துடும். உன் கை வேலையைப் பார்த்தவங்க எழுதணும். அப்படி யாரும் இல்லைன்னா, முதல்ல போய் அதைத் தேடு." படியிறங்கும்போது உங்களைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். கேட்டவுடன் சிரித்த முகத்தோடு சம்மதித்த இன்னொருவரும் இருந்தார். அவர் எழுதிய கடிதம் நான்கு வரி என்று பிற்பாடு தெரிந்தது. எது உதவி, எது உபசாரம் என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்தது, சீனியர் அக்கா. அழுதுகொண்டு வந்தவனை உட்கார வைத்து, ஆறுதல் சொல்லாமல் ஒரு காகிதத்தை எடுத்தீர்கள். "120 கிரெடிட். 2.7 சராசரி. பல பல்கலைக்கழகங்களில் குறைந்தபட்சம் 3.0 கேட்கிறார்கள். இனி எடுக்கிற எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினால் 3.0-ஐத் தொட எத்தனை கிரெடிட் வேணும்?" கணக்குப் போட்டோம். 36. ஒன்றுவிடாமல் ஏ வாங்கினால்கூட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் படிப்பு அது. அந்த 36-ஐப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீங்களோ நிம்மதியாக, "சரி, அப்ப அந்த எண்ணைத் தூக்குற வேலையை விட்டுடு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணை வை" என்றீர்கள். மூன்றே பாடங்கள்: சி வாங்கிய இரண்டையும் மறுபடி எடுப்பது, மேல்நிலை உயிர்வேதியியல் ஒன்றைப் புதிதாக எடுப்பது. மூன்றிலும் ஏ. சராசரி பெரிதாக அசையாது. ஆனால் மதிப்பெண் பட்டியலைக் கீழே வரை படிக்கிறவருக்கு, கடைசியில் இருக்கும் ஆள் வேறு ஆள் என்று தெரியும்.

கூடவே ஒரு வேலையும் தேடச் சொன்னீர்கள். 27 ஆய்வகங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். முதல் 15-ம் ஒரே கடிதம், பெயரை மட்டும் மாற்றியது. ஒரு பதில்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. மிச்சம் 12-க்கு, அந்தந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையையாவது முழுசாகப் படித்து, எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டு எழுதினேன். நான்கு பதில் வந்தது. அதில் ஒன்று வேலை.

அந்த ஒன்றைத் தந்த மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இந்த மடலை மூன்று முறை கிழித்தேன். என் மதிப்பெண் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தீர்கள். "இதைப் பத்தி ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசுவோம்" என்றீர்கள். சொன்ன மாதிரியே ரெண்டு வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம், லேப் அண்ணன். டிகிரி இல்லாதவர் என்று புதிதாக வருகிற சிலர் உங்களைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

வந்த புதிதில் என் பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டை ஏராளமாகப் பிரதி எடுக்கும் சோதனை, 11 நாள் வேலை செய்யவில்லை. டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை யூவி விளக்கில் வைத்தால், ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் ஓடவிட்ட, அளவு தெரிந்த துண்டுகளின் வரிசையான லேடர் மட்டும் படிப்படியாக மின்னும், என் வரிசைகள் எல்லாம் இருட்டு. பிரதி எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் பிரைமரை மாற்றினேன், வெப்பநிலையை மாற்றினேன், புது டிஎன்ஏ எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. 12-ஆம் நாள் நீங்கள் என் பின்னால் வந்து நின்று ஒரு நிமிடம் பார்த்தீர்கள். எதுவும் சொல்லாமல் தராசின் மேல் ஒரு சின்னத் தட்டை வைத்து, பூஜ்யமாக்கி, "100 மைக்ரோலிட்டர் தண்ணி விடு தம்பி" என்றீர்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் இருக்க வேண்டும். என்னுடையது 118. "இன்னொரு தடவை." 109. "இன்னொண்ணு." 121.

பைப்பெட் என்பது துளித் துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி. அதன் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரைதான் அழுத்த வேண்டும். இரண்டாவது, உள்ளே இருப்பதை முழுசாக வெளியே தள்ளுவதற்கு. நான் உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்று வருட செய்முறை வகுப்பில் இதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. போதாததற்கு என்சைம் குழாயில் முனையை அடிவரை முக்கி எடுத்திருக்கிறேன். என்சைம் கரைசலில் பாதி கிளிசரால். தேன் மாதிரி முனையின் வெளிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். அரை மைக்ரோலிட்டர் போட வேண்டிய இடத்தில் எவ்வளவு போட்டேனோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அன்று சாயங்காலம் முழுக்கத் தண்ணீரையே எடுத்து எடுத்து விட்டேன். நீங்கள் எண்களைக் குறிக்கச் சொன்னீர்கள். 101, 99, 100, 100, 98. பத்து எண்களின் சராசரியை நான் சொன்னதும், "சராசரி கிடக்கட்டும், எவ்வளவு சிதறுதுன்னு சொல்லு" என்றீர்கள். சி மைனஸ் வாங்கிய பாடத்தில் திட்ட விலக்கம் என்று எதைச் சொன்னார்கள் என்பது எனக்கு அந்த மேஜையில்தான் விளங்கியது. அது என் கை நடுங்குகிற அளவு. அன்றைக்கு ராத்திரியே அக்காவிடம் போய்ப் புள்ளியியல் புத்தகத்தை வாங்கி வந்தேன். மூன்று பாடங்களில் முதல் ஏ அதில்தான்.

விண்ணப்பத்தோடு ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதித் தர வேண்டிய நோக்க அறிக்கையைப் படித்துக் கொடுத்த நண்பனுக்கு ஒரு பத்தி தந்தே ஆக வேண்டும். டேய், நான் எழுதிய முதல் வடிவத்தில் மூன்று பத்திகள் மதிப்பெண் ஏன் குறைந்தது என்ற விளக்கம். நான்காவது பத்தியில்தான் அறிவியல் தலைகாட்டும். நீ சிவப்புப் பேனாவால் மூன்றையும் குறுக்கே கோடு போட்டுவிட்டு, ஓரத்தில் "இது மன்னிப்புக் கடிதமா, விண்ணப்பமா?" என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டு வாக்கியம்: "என் முதல் இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்கள் குறைவு, அப்போது நான் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்தேன். அதே பாடங்களைப் பின்னர் மீண்டும் படித்துப் பெற்ற மதிப்பெண்கள் இணைக்கப்பட்டுள்ளன." மூன்றாவது பக்கத்தில், கடைசிக்கு முந்தின பத்தியாக. முதல் வரியிலேயே பிசிஆர் வந்தது.

தைரியம் சொல்லிக் கதைகள் அனுப்பியவர்களுக்கும் நன்றி. ஜான் கர்டன் கதையை மட்டும் ஏழு பேர் அனுப்பினீர்கள். 1949-இல் பள்ளியில் உயிரியலில் கடைசி இடம், விஞ்ஞானி ஆவதெல்லாம் வீண் ஆசை என்று ஆசிரியரின் அறிக்கை, 2012-இல் நோபல் பரிசு. அந்த அறிக்கையை அவர் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே வைத்திருந்தார் என்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேனே, அதைப் படித்துவிட்டு நாளை காலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயன்பட்டது கேரல் கிரைடரின் கதை. நல்ல மதிப்பெண்ணும் ஆய்வக அனுபவமும் இருந்தும், வாசிப்பதைச் சிரமமாக்கும் டிஸ்லெக்சியாவால், மேல்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வில் அவருடைய மதிப்பெண் குறைவு. பல இடங்களில் கதவு திறக்கவில்லை. கால்டெக்கும் பெர்க்லியும்தான் கூப்பிட்டன. பெர்க்லிக்குப் போய், எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் 1984-இல் கிறிஸ்துமஸ் அன்று குரோமோசோம்களின் முனைகளை நீட்டும் டெலோமரேஸ் என்ற என்சைம் இருப்பதற்கான முதல் தடயத்தைப் பார்த்தார். 2009-இல் நோபல். அவருக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் ஒரு எண் பலவீனமாக இருந்தால் எதைக் காட்டி ஈடுகட்டுவது என்று அதில் எனக்கு ஒரு தடம் கிடைத்தது.

மேடம், உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை நான் பார்க்கவில்லை. பார்க்கும் உரிமை வேண்டாம் என்று விண்ணப்பத்தில் டிக் அடித்துவிட்டேன். அப்படி அடித்தால்தான் படிக்கிறவர்கள் நம்புவார்கள் என்று அக்கா சொன்னார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அங்கே உயிர்மருத்துவ முனைவர் படிப்பில் சேர்ந்தவர்களில் யார் அதிகம் கட்டுரை வெளியிட்டார்கள் என்று பார்த்தால், ஜிஆர்இ, மதிப்பெண் சராசரி எதுவும் அதைக் காட்டவில்லை. பரிந்துரைத்தவர்கள் தந்த மதிப்பீடுதான் காட்டியது. ஏற்கெனவே வடிகட்டி உள்ளே எடுத்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தது என்பதால், மதிப்பெண்ணே வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் பண்ணக் கூடாது. இருந்தாலும் விண்ணப்பித்த அந்தக் குளிர்காலத்தில் அதைத் தலையணைக்கு அடியில் வைக்காத குறையாக வைத்திருந்தேன்.

ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஆறு மறுப்பு, ஒன்றிலிருந்து இன்று வரை பதிலே இல்லை, இரண்டு நேர்காணல். மறுப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே வாசகம்.

இங்கே நான் நேரில் இன்னும் இரண்டு முறைகூடப் பேசாத ஒருவரைச் சொல்ல வேண்டும். சேர்க்கை அலுவலகத்து அம்மா, விண்ணப்பிக்கும் முன்பே உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: குறைந்தபட்சம் 3.0 என்று போட்டிருக்கிறீர்கள், என்னுடையது 2.7, கட்டணம் கட்டலாமா, வீணா? ஒரே நாளில் பதில் போட்டீர்கள். அந்த வரம்பு பல்கலைக்கழகத்துடையது; துறைக்கு ஆள் வேண்டும் என்றால் எழுதிக் கேட்டு விலக்கு வாங்கலாம்; அப்படிச் சேர்கிறவர் முதல் வருடம் பி சராசரிக்குக் கீழே போகக் கூடாது; கட்டண விலக்குக்கு வேறு படிவம் இருக்கிறது, இதோ. இணையத்தில் மாதக்கணக்கில் தேடியும் எனக்குப் புரியாததை ஆறு வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பதில் வந்திருக்காவிட்டால் இந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்திருப்பேன்.

நேர்காணலில் சி மைனஸைப் பற்றிக் கேட்பார்கள் என்று நண்பன் என்னைப் பதினைந்து தடவையாவது ஒத்திகை பார்க்க வைத்திருந்தான். உள்ளே போனேன். மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "தராசில் தண்ணீரை நிறுத்துப் பார்த்த ஆள் நீங்கள்தானா?" என்றார். தயார் செய்திருந்த பதில் எல்லாம் மறந்துபோனது. மேடம் அதைத் தன் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும்; அவர் அன்று ஆய்வகத்தில் இருந்ததுகூட எனக்குத் தெரியாது. அடுத்த முக்கால் மணி நேரம் பிழையைப் பற்றித்தான் பேசினோம்: கையின் பிழை, கருவியின் பிழை, பத்து முறை செய்தால் போதுமா, இருபது வேண்டுமா. சி மைனஸை யாரும் கேட்கவில்லை. பாவம், நண்பனின் உழைப்பு வீண்.

விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி ஜெல் ஓடும்போது துணைக்கு உட்கார்ந்திருந்தவர்கள், விண்ணப்பக் கடைசி நாளில் இணைய இணைப்பைக் கடன் கொடுத்தவர், மறுப்பு வந்த நாட்களில் எதுவும் கேட்காமல் இருந்த வீட்டார். உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்.

அண்ணா, இங்கே எனக்கென்று ஒரு பைப்பெட் செட் கொடுத்திருக்கிறார்கள். வந்த அன்றே நிறுத்துப் பார்த்தேன். 100-க்கு 97 காட்டியது. இந்த முறை என் கை இல்லை, பைப்பெட்தான், சரிபார்க்க அனுப்பியிருக்கிறேன்.

அக்கா, உங்கள் புள்ளியியல் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 212-ஆம் பக்கத்தில் நீலக் கறை பட்டிருப்பது நான் ஜெல்லுக்கு ஊற்றும் சாயம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் 2.7