மழலையர் வகுப்புப் பெற்றோருக்கு: வீட்டுப் புகையும் நிமோனியாவும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மழலையர் வகுப்புகளில் இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைக்கு நெஞ்சுச்சளி கட்டினால் குளிர்ந்த தண்ணீரைத்தான் முதலில் திட்டுவோம், அப்புறம் மழையை. அவற்றைவிட வீட்டுக்குள் இருக்கும் காற்றைக் கவனியுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நிமோனியா கிருமியால் வருவது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவது பல வீடுகளில் புகைதான். மூச்சுக்குழாயின் உள்சுவரில் நுண்ணிய முடிகள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. புகை பட்டுப் பட்டு அவை சோர்ந்துபோனால் சளி தேங்கும், கிருமி நுரையீரலுக்கு இறங்கும். 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7,40,000 பிள்ளைகள் நிமோனியாவுக்குப் பலியானதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த வயதில் நிமோனியாவால் நேரும் இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்கு வீட்டுக்குள் சேரும் புகைத்துகள்களே காரணம் என்பதும் அதன் கணக்கு.

விறகோ கரியோ வறட்டியோ எரிக்கும் வீட்டில், அடுப்புக்கு மிக அருகில் இருப்பது அம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தைதான். அடுப்பை உடனே மாற்ற முடியாமல் போகலாம். சமையல் முடியும்வரை குழந்தையை வேறு யாராவது வெளியே தூக்கி வைத்திருக்கலாமே! அடுப்பைச் சுவரோரம் விட்டு வாசல் பக்கம் நகர்த்தினாலே புகை கொஞ்சம் குறையும்.

"நான் பால்கனியில்தான் சிகரெட் பிடிக்கிறேன்" என்னும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. சட்டையிலும் மூச்சிலும் ஒட்டியது உங்களோடு உள்ளே வரும். அதே சட்டையில்தான் பிள்ளையைத் தூக்குகிறீர்கள். விட்டுவிடுவதே நல்லது. மூடிய அறையில் இரவெல்லாம் கொசுவத்தி எரிவதும் புகைதான், கொசுவலை போதும்.

நெரிசலும் ஒரு காரணம். இருமுகிறவர் பக்கத்தில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வகுப்பறை ஜன்னல்களும் இனி திறந்தே இருக்கும். பள்ளி வளாகத்தில் சருகும் குப்பையும் எரிக்கக் கூடாது என்று பணியாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். தடுப்பூசி ஏதாவது விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள்.

இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால், பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் தம்பி தங்கை ஒரு வயதுக்குள் இருந்தால், இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கு அந்த எண்ணிக்கை 50. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பிள்ளை எதையும் குடிக்க முடியாமல் துவண்டாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

காய்ச்சலும் இருமலுமாக இருக்கும் பிள்ளையை வருகைப்பதிவுக்காகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு தகவல் சொன்னால் போதும், விட்டுப்போன பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்